கரையாத மருமகள்

காலை ஆறே கால் மணிக்குக் கிரேன் அந்தப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. முதலில் கூரை வந்தது. அப்புறம் அறையின் கண்ணாடி வந்தது. கண்ணாடியின் உட்பக்கத்தில் ஓர் உள்ளங்கை ஒட்டிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற கூட்டம் "ஐயோ!" என்றது.

உள்ளே இருந்தவர் படகுப் பட்டறையின் பெரிய முதலாளி. சனிக்கிழமை வந்தால் வீட்டுச் சண்டைக்குப் பயந்து, துறையில் கட்டியிருக்கும் தன் சொந்தப் படகில்தான் படுப்பார். அறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உடைத்துத்தான் உடலை எடுத்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வெளியாள் யாரும் படகில் ஏறவில்லை என்று துறைக் காவலாளி சத்தியம் செய்தான். கட்டிய படகு கட்டிய இடத்திலேயே முழுகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டேஷனில் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் துருவி. தேங்காய் மூடியில் வெள்ளை தீர்ந்து ஓடு தெரிந்த பிறகும் இன்னும் நாலு சுற்று சுற்றுகிற ரகம் என்று அர்த்தம். அவளுக்குத் தெரியாது என்று ஸ்டேஷன் நினைத்துக்கொண்டிருந்தது. தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"வெல்டரைப் பிடிங்க மேடம்!" என்று கத்தினார் சின்ன முதலாளி. செத்தவரின் கூடப் பிறந்த தம்பி. "போன மாசம் அடியில ஒட்டு போட்டது அவன்தான். அந்த இடத்துலயேதான் இப்ப ஓட்டை. போன வாரம் அண்ணன் அவனை எல்லார் முன்னாடியும் அறைஞ்சாரு. அதுக்கு அவன், 'நீங்க ஒருநாள் முழுகித்தான் போவீங்க'ன்னு சொன்னான். பட்டறையே சாட்சி."

"ஒட்டு போட்டது போன மாசம். அறை வாங்கினது போன வாரம்," என்றாள் அவள். "அடி வாங்கறதுக்கு முன்னாடியே பழி வாங்கிட்டானா?"

சின்ன முதலாளி ஒதுங்கிப்போய் போனை எடுத்தார். அவருக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது. பத்து நிமிஷத்தில் பெரிய அதிகாரியிடமிருந்து போன் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் வெல்டரை நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டுமாம். இவள் சொல்வதற்கு முன்பே ஏட்டு போய் அவனை வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நிறைமாதக்காரி மனைவி வாசல்வரை ஓடிவந்து அழுதாளாம்.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிடக்கூடாது ஏட்டய்யா," என்றாள் துருவி.

"ஆளைப் பிடிச்சாச்சுல்ல மேடம். மிச்சம் தானா வரும்," என்றார் ஏட்டு. முப்பது வருஷ சர்வீஸில் அவர் கற்றது அது ஒன்றுதான்.

படகைப் பட்டறைக்குள் இழுத்து முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். பட்டறையின் வாசல் காவலாளி அவளை மறித்தார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் எழுப்பியதால் அவள் வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தாள்.

"உள்ள தகடும் ஆணியுமா கிடக்கும் மேடம். பூட்ஸ் தர்றேன், செருப்பை இங்க மாட்டுங்க. அடையாளம் பாத்து மாட்டுங்க. இல்லன்னா போகும்போது இன்னொருத்தர் காலைப் போட்டுட்டுப் போவீங்க."

சொன்னது சரிதான். சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு ஜோடி. அத்தனையும் ஒரே நீல ரப்பர் செருப்பு. அதனால் ஒவ்வொருவனும் வெல்டிங் கம்பியைக் காய்ச்சிக் குதிகாலில் தன் அடையாளத்தைச் சுட்டு வைத்திருந்தான். ஒன்றில் பெருக்கல் குறி, ஒன்றில் அம்பு, ஒன்றில் மீன். மேல் வரிசை ஓரத்தில் தூசி படிந்த வலது கால் செருப்பு ஒன்று மட்டும் தனியாகத் தொங்கியது. குதிகாலில் வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி.

"இதோட ஜோடி எங்கே?"

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும் மேடம். அது கிடக்கட்டும். அதுக்கு ஆள் இல்ல," என்று காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துருவி படகின் அடியில் குனிந்து நுழைந்தாள். ஓட்டை பின்பக்கத்தில், வெண்கலப் புரொப்பல்லருக்குப் பக்கத்தில் இருந்தது. வெல்டர் உள்பக்கமாக வைத்த ஒட்டுத் தகடு பெயர்ந்து படகுக்குள்ளேயே கிடந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். வெல்டிங் கோடு எங்கும் விடவில்லை. கோட்டைச் சுற்றியிருந்த பழைய தகடுதான் கிழிந்து அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஓரம் காகிதம்போல மெலிந்திருந்தது. படகின் அடி முழுக்க வெள்ளை மாவு பூத்து, குழி குழியாக இருந்தது. நகத்தால் நெருடினால் உதிர்ந்தது.

"அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு சொல்வாங்களே?" என்றார் ஏட்டு.

"துருப்பிடிக்காது. இப்படி வெள்ளையாப் பூக்கும். உப்புத் தண்ணின்னா எல்லா போட்டுக்கும் வர்றதுதான்," என்றார் சின்ன முதலாளி. "எங்க அண்ணன் போட்டைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தாரு மேடம். அதோ பாருங்க, அடியில மாட்டியிருக்கே, ஜிங்க் கட்டி. வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் புதுசு மாதிரி இருக்கு. மத்தவன் போட்டுல எல்லாம் கரைஞ்சு எலும்பாயிடும். முக்குளிக்கிறவன் ஒருத்தன் வந்து சொன்னப்ப, 'பாத்தியாடா, சரக்குன்னா இதான் சரக்கு'ன்னு அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டாரு."

அண்ணன் தம்பி இருவரும் அப்பா வைத்துவிட்டுப் போன பட்டறையில் நாற்காலி தேய்த்தவர்கள். ஸ்பானர் பிடித்தவர்கள் இல்லை. துருவிக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும் அந்தக் கட்டியை ஒரு தரம் தட்டிப் பார்த்தாள். நல்ல கனம்.

வெளியே சின்ன முதலாளி தன் பையன்கள் இருவரையும் கூப்பிட்டு, "நம்ம போட்டை எடுத்துட்டுப் போய் அக்கரையில இருந்து அத்தையைக் கூட்டிட்டு வாங்கடா. அண்ணன் போன செய்தியை போன்ல சொன்னா அவ தாங்கமாட்டா," என்று சொல்வது கேட்டது.

லாக்கப்பில் வெல்டர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"முழுகித்தான் போவீங்கன்னு மிரட்டினியா?"

"மிரட்டல மேடம், எச்சரிச்சேன். தண்ணி வத்தின நேரம் போட்டைச் சாய்ச்சு உள்பக்கமா ஒட்டு வச்சேன். நெருப்பு வச்சா தகடு அப்படியே உருகி ஓடுது. அவ்வளவு மெலிசு. 'முழுசாத் தூக்கி அடியைப் பாருங்க, அதுவரைக்கும் இதுல படுக்காதீங்க'ன்னு சொன்னேன். காதுலயே வாங்கல. போன வாரம் போட்டு வாங்க வந்தவங்க முன்னாடி மறுபடி சொல்லிட்டேன். மானம் போச்சுன்னு அறைஞ்சுட்டாரு."

"தகடு ஏன் மெலிஞ்சுது?"

"மருமக தீர்ந்து போயிருப்பா மேடம்."

துருவி பேனாவைக் கீழே வைத்தாள். "யாரு மருமக?"

அவன் அந்த நிலையிலும் லேசாகச் சிரித்தான். "பட்டறையில அப்படித்தான் சொல்லுவோம். ஜிங்க் கட்டியை. வெண்கலப் புரொப்பல்லரும் அலுமினிய அடியும் ஒண்ணா உப்புத் தண்ணியில நின்னா பேட்டரி மாதிரி ஆயிடும். அலுமினியம் கரைய ஆரம்பிச்சுடும். அதுக்குத்தான் அடியில ஜிங்க் மாட்டறது. கரையறதெல்லாம் முதல்ல அதுதான் கரையும். அது இருக்கறவரைக்கும் தகட்டுல கை வைக்காது. மருமக தேயணும், வீடு நிக்கணும்."

"எங்க மாமியார் கேட்டா உன்னைத் தத்தெடுத்துக்குவாங்க," என்றாள் துருவி. அடுத்த நொடி அவள் முகம் மாறியது. "ஆனா இந்த வீட்டு மருமக தேயலையே. கொழுகொழுன்னு இருக்கா."

வெல்டர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன சொல்றீங்க? தகடு இவ்வளவு போயிருக்கு, கட்டி கரையலையா? நடக்காது மேடம். ஒண்ணு அது கரையணும், இல்ல இது கரையணும்."

"கரையாம இருக்க என்ன வழி?"

"அது மேல பெயிண்ட் அடிச்சா வேலை செய்யாது. விவரம் தெரியாதவன் அழகுக்குன்னு அடிச்சு விட்டுடுவான். எங்க பட்டறையில அது நடக்காது. அக்கா விடமாட்டாங்க."

அப்போதுதான் அந்த அக்கா கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் சிவப்பும் நீலமுமாகப் பெயிண்ட் காய்ந்திருந்தது. பட்டறைப் படகுகளுக்கு அடியில் படுத்துப் பெயிண்ட் அடிப்பவள். கம்பி வழியாகப் பாத்திரத்தை நீட்டினாள்.

"சாப்பிடு தம்பி. உன் பொண்டாட்டிகிட்ட என் தங்கச்சியை உக்கார வச்சுட்டு வந்திருக்கேன். சாயங்காலத்துக்குள்ள நீ வீட்ல இருப்பே."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்று கேட்டாள் துருவி.

"தப்பு செய்யாதவனை எத்தனை நாள் வச்சிருப்பீங்க?"

"ஜிங்க் கட்டியைக் கழட்டி மாட்டறது யாரு?"

"நான்தான். கழட்டி வச்சுட்டு அடியில பெயிண்ட் அடிப்பேன், காஞ்சதும் திருப்பி மாட்டுவேன். ஒரு சொட்டு பெயிண்ட் அது மேல பட்டிருந்தா என் கையை வெட்டிக்கங்க." அதைச் சொல்லும்போது அவள் கண் ஒரு தரம்கூடத் தாழவில்லை.

மதியம் துருவி மறுபடி படகின் அடியில் கிடந்தாள். கட்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லை. அக்கா சொன்னது உண்மை. கிணறு வெட்டினால் தண்ணீரும் வரவில்லை, பூதமும் வரவில்லை என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. வெல்டருக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"கழட்டுங்க," என்றாள்.

"எதை மேடம்?"

"மருமகளை."

ஏட்டு முனகிக்கொண்டே ஸ்பானரைத் திருகினார். போல்ட் வெளியே வந்தது. போல்ட்டைச் சுற்றி நீல ரப்பர் சுற்றியிருந்தது. தலைக்கு அடியிலும் ரப்பர் வளையம். கட்டியை எடுத்தால், அதற்கும் படகுத் தகட்டுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் துண்டு இருந்தது.

"பரவாயில்லையே, ஆடாம இருக்க மெத்தை போட்டு மாட்டியிருக்காங்க. என்ன பொறுப்பு பாருங்க!" என்று மெச்சினார் ஏட்டு.

"பொறுப்பா?" துருவி எழுந்த வேகத்தில் தலையைப் படகில் இடித்துக்கொண்டாள். "தகடும் கட்டியும் தொட்டாத்தானய்யா அது இதுக்காகக் கரையும்? தொடவே விடலையே. ஒரே வீட்டுல வச்சு, நடுவுல சுவர் கட்டியிருக்காங்க. மருமக ஒரு பக்கம் சும்மா உக்காந்திருக்கா, வீடு ஒரு வருஷமாக் கரைஞ்சிருக்கு. கொலைகாரங்க நேத்து ராத்திரி இந்தப் பக்கமே வரல. அவங்க வேலை எப்பவோ முடிஞ்சு போச்சு."

அவள் ரப்பர் துண்டைத் திருப்பினாள். சுட்ட தடம் ஒன்று தெரிந்தது. பாதி வட்டம். பாதி வட்டத்துக்குள் ஒரு புள்ளி.

அவள் வாசலுக்கு நடந்தாள். காவலாளி அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தச் செருப்புக்கு ஆள் இல்லன்னு சொன்னீங்க. ஆள் இருந்தான், இல்லையா?"

"இருந்தான் மேடம்." அவர் அந்த ஆணியைப் பார்த்தார். "பெயிண்ட் அக்காவோட ஒரே பையன். ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு போட்டோட முன்பக்க அறைக்குள்ள இறங்கி பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருந்தான். ஆள் நுழையற துவாரம் ஒண்ணுதான். புளோயர் வச்சு காத்து அனுப்பணும். புளோயர் நின்னு போச்சு. பெயிண்ட் புகையிலயே மூச்சு முட்டிச் செத்தான். ஏன் நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது. குடிச்சுட்டு உள்ள இறங்கினான்னு முதலாளிங்க சொன்னாங்க. அப்படியே எழுதிட்டாங்க."

"எழுதினது யாரு?"

"உங்க ஸ்டேஷன்தான் மேடம். உங்களுக்கு முன்னாடி இருந்தவர்."

"பையன் குடிப்பானா?"

"டீயே குடிக்கமாட்டான்," என்றார் காவலாளி.

துருவிக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் அல்ல. தன் ஸ்டேஷன் மேலேயே வந்த கோபம்.

மாலை நாலு மணிக்குப் பட்டறையில் எல்லோரையும் கூட்டினாள். வெல்டரையும் அழைத்து வந்தார்கள். சின்ன முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா தூணில் சாய்ந்து நின்றாள். துருவி சுற்றி வளைக்கவில்லை. ஒட்டுத் தகட்டைக் காட்டினாள். வெல்டிங் விடவில்லை, படகே கரைந்திருக்கிறது என்றாள். கரையாத கட்டியைக் காட்டினாள்.

"எல்லாரும் ஓட்டையையே பாத்தோம். ஓட்டைக்குப் பக்கத்துல ஒருத்தி நோகாம உக்காந்திருந்ததை யாரும் பாக்கல. முக்குளிச்சவன் பாத்துச் சொன்னான். செத்தவர் அதைக் கேட்டு, நல்ல சரக்குன்னு சந்தோஷப்பட்டாரு. இதைக் கழட்டி மாட்டற கை இந்தப் பட்டறையில ஒண்ணுதான்." நீல ரப்பரை எடுத்து மேசை மேல் வைத்தாள். "உங்க பையன் செருப்புதானே அக்கா?"

வெல்டர் "அக்கா!" என்று அலறினான்.

அக்கா அவனைத்தான் முதலில் பார்த்தாள். "உன்னை ஜெயிலுக்கு விட்டிருக்கமாட்டேன்டா. கோர்ட்டு வாசல்ல வந்து நின்னிருப்பேன்." அப்புறம் துருவி பக்கம் திரும்பினாள். "ஆமா மேடம். என் பிள்ளையோட இடது கால் செருப்பு. அவன் செத்த அன்னிக்கு கேட்ல அனாதையாத் தொங்கினது. அதை வெட்டித்தான் வச்சேன். பெரியவன் தூங்கறப்ப தண்ணி வரணும்னுதான் வச்சேன். என் பிள்ளைக்கு காத்து இல்லாம பண்ணினவனுக்கு காத்து இல்லாமப் போச்சு. எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல."

"கொலை கொலைதான் அக்கா."

"தெரியும். அது கொலைன்னா இதுவும் கொலைதான். அதை மட்டும் ஏன் நீங்க எழுதல?"



"கொலைகாரி!" என்று எழுந்தார் சின்ன முதலாளி. எழுந்தவர் பாதியில் நின்றார். "இடது காலா? அப்போ... வலது கால் செருப்பு?"

அக்கா அவரை ஆற அமர ஏற இறங்கப் பார்த்தாள். "இடது, என் பிள்ளையை உள்ள இறங்கச் சொன்னவனுக்கு. வலது, புளோயரை நிறுத்தினவனுக்கு."

சின்ன முதலாளியின் முகம் வெளுத்துப்போயிற்று. திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். தூரத்தில் அவருடைய படகு அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஏட்டு வாயைத் திறந்தார். "மேடம், வலது கால் செருப்பு அங்கதானே..." துருவி அவர் காலை நன்றாக மிதித்தாள். ஏட்டு வாயை மூடிக்கொண்டார்.

"எங்க வச்சே? என் போட்டுலயா? ஏய், என் பசங்க அதுல வர்றாங்கடி! என் தங்கச்சி வர்றா!"

"எனக்கும் ஒரு பையன் இருந்தான். புளோயர் ஏன் நின்னுச்சு?"

"எனக்குத் தெரியாது!"

"அப்ப எனக்கும் தெரியாது."

"சொல்லித் தொலை! இது எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பெரியவனுக்கு ஒரு வருஷம் தாங்குச்சு. உன்னுது எப்ப மாட்டினேன்னு ஞாபகம் இல்ல. புளோயர் ஏன் நின்னுச்சு?"

"நான்தான் பிளக்கைப் புடுங்கினேன்!" என்று கத்தினார் சின்ன முதலாளி. அழுகையும் கத்தலுமாக வந்தது. "என் போட்டுக்கு பாலிஷ் மெஷின் போட பிளக் பாயிண்ட் இல்ல. 'ரெண்டு நிமிஷம் காத்து இல்லன்னா செத்தா போயிடுவான்'னு அண்ணன்தான் சொன்னாரு. புடுங்கினேன், மறந்துட்டேன்! வாயில சாராயம் ஊத்தினதும் அண்ணன்தான், நான் இல்ல! போதுமா? இப்ப சொல்லு, எங்க வச்சே?"

 நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னது அல்ல. துருவி ஏட்டைப் பார்த்தாள். "எழுதிக்கிட்டீங்களா?" ஏட்டு மிதிபட்ட காலைத் தூக்கிக்கொண்டே தலையாட்டினார்.

"பழைய கேஸைத் திறங்க. வெல்டரை விட்டுடுங்க. இவரையும் ஜீப்புல ஏத்துங்க," என்றாள் துருவி.

வெல்டர் அக்காவின் காலில் விழப் போனான். அவள் அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினாள். "போடா, முதல்ல அவகிட்டப் போ. பிள்ளை பிறந்தா, நான் கேட்டேன்னு சொல்லு."

வெளியே போகும் வழி செருப்பு மாட்டும் சுவரைத் தாண்டித்தான். சின்ன முதலாளியின் இரு தோளையும் இரு போலீஸ்காரர்கள் பிடித்திருந்தார்கள். அக்கா அவருக்கு முன்னால் நின்று சுவரை நோக்கிக் கையை நீட்டினாள். மேல் வரிசை ஓரத்தில் அந்த வலது கால் செருப்பு தொங்கியது.

"நல்லாப் பாரு. அதுல எங்கயாவது ஒரு கீறல் இருக்கா? ரெண்டு வருஷமா தினமும் அதைத் தாண்டித்தான் உள்ள வர்றே. ஒரு நாள் நிமிர்ந்து பாத்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். உன் போட்டுல நான் எதுவும் வைக்கல. உன் வீட்டு மருமக ஒழுங்காத் தேஞ்சுக்கிட்டுதான் இருக்கா."

சின்ன முதலாளி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். துறையில் அவருடைய படகு வந்து நின்றது. பையன்கள் அத்தையைக் கைபிடித்து இறக்கினார்கள்.

ஏட்டு பையை விரித்துக்கொண்டு ஆணி அருகே போனார். "சாட்சிப் பொருள் மேடம். ஜோடியா இருக்கட்டும், எடுத்துக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் துருவி. "ஒண்ணு போதும். அது அங்கயே தொங்கட்டும்."